மூன்று மூச்சும் சமமாக இருந்தால் எஞ்சினைத் திறக்க வேண்டாம்

கேள்வி: ஐயா, என் அப்பா 1980களில் ரந்தெனிகல அணை வேலைத்தளத்தில் மின்னிணைப்பாளராக இருந்தவர். வேலை முடிந்து நாடு திரும்பிய ஜேர்மன் பொறியியலாளர் ஒருவர் தம்முடைய மோட்டார் சைக்கிளை அவருக்கு விற்றுவிட்டுப் போனார். ஹெர்குலிஸ் டபிள்யூ 2000 என்பது அதன் பெயர். 1999 வரை அப்பா அதில்தான் வேலைக்குப் போய்வந்தார். அதன் பிறகு வீட்டின் பின்புறத் தகரக் கொட்டகையில் நிற்கிறது. அண்மையில் ஒரு கராஜில் இருந்து ஆளை அழைத்துக் காட்டினோம். எஞ்சின் இறுகிவிட்டது, போர் அடித்து (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கி) ரிங் மாற்ற வேண்டும், சாமான் கிடைக்காவிட்டால் இந்திய வண்டி ஒன்றின் எஞ்சினை ஏற்றித் தருகிறோம் என்கிறார்கள். அப்பாவுக்கு இப்போது 74 வயது. அந்த வண்டியின் சத்தத்தை இன்னொரு தடவை கேட்டால் போதும் என்கிறார். எனக்கோ அதை வெலிமடை வரைக்கும் ஒருமுறை ஓட்டிப் போக ஆசை. எங்கிருந்து தொடங்குவது?
– ஆசிரியை ஒருவர், அப்புத்தளை.

பதில்: அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

முதலில் அந்தக் கராஜ்காரருக்கு நன்றி சொல்லி, வண்டியில் கை வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவர் வாழ்நாள் முழுவதும் பார்த்தவை பிஸ்டன் எஞ்சின்கள். இறுகிய எஞ்சின் என்றால் போர், ரிங் என்று அவர் வாயில் வருவது இயல்புதான். ஆனால் உங்கள் வீட்டில் நிற்கும் எஞ்சினுக்குள் பிஸ்டன் இல்லை, ரிங் இல்லை, வால்வும் இல்லை. போர் அடிப்பதற்கு உருளையான சிலிண்டர்கூட இல்லை. அதன் உட்குழி, இருபுறமும் சற்றே இடை ஒடுங்கிய நீள்வட்டம் போன்ற வடிவம் உடையது. அதற்குள் பக்கங்கள் மெல்லப் புடைத்த முக்கோணம் ஒன்று சுழல்கிறது. அந்த முக்கோணத்தைத்தான் ரோட்டர் என்கிறோம். உட்குழியின் மேல் கடினமான பூச்சு ஒன்று இருக்கும். அதை எந்த லேத்திலும் கடைந்து பெரிதாக்க முடியாது. கடைய முயன்றால் பூச்சுப் போய்விடும், அதோடு எஞ்சினும் போய்விடும்.

வேறு எஞ்சினை ஏற்றும் யோசனையை நான் இன்னும் கடுமையாக மறுக்கிறேன். 1974 இல் விற்பனைக்கு வந்த இந்த வண்டி, சுழல் எஞ்சினோடு பொதுமக்களுக்கு விற்கப்பட்ட முதல் மோட்டார் சைக்கிள். ஜேர்மானியரான பீலிக்ஸ் வாங்கல் வகுத்த கோட்பாட்டின்படி என்.எஸ்.யு. நிறுவனத்தின் முதல் சோதனை எஞ்சின் 1957 இல் சுழன்றது. அந்த எஞ்சினைச் செய்யும் உரிமத்தைப் பெற்ற பல நிறுவனங்களில் ஃபிக்டல் அன்ட் சாக்ஸும் ஒன்று. பனிவண்டிகளுக்கென்று அவர்கள் செய்துவந்த காற்றுக் குளிரூட்டல் எஞ்சினைத்தான் ஹெர்குலிஸ் தன் சட்டகத்தில் தூக்கி வைத்தது. 294 சி.சி. கொள்ளளவு, 27 குதிரை வலு. ஏறத்தாழ 1800 வண்டிகள் மட்டுமே செய்யப்பட்டன. எரிபொருள் நெருக்கடி உலகை உலுக்கிய மறுவருடமே, பெற்றோலைக் கொஞ்சம் அதிகமாகவே குடிக்கும் வண்டி ஒன்றை விற்கப் போனது அவர்களுடைய துரதிர்ஷ்டம். முன்னால் விசிறியும் அதைச் சுற்றிய கூண்டுமாக இருந்ததால், ஜேர்மானியர்கள் அதற்குத் தூசு உறிஞ்சி என்று பட்டப்பெயர் வைத்தார்கள். அந்த எஞ்சினைக் கழற்றிவிட்டு வேறொன்றை ஏற்றினால் உங்களிடம் எஞ்சியிருப்பது ஒரு பழைய சட்டகம் மட்டுமே. பதிவுப் புத்தகத்தில் உள்ள எஞ்சின் இலக்கமும் பொருந்தாமல் போய், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அலைவதுதான் மிஞ்சும்.

நான் 1990களில் டுபாயில் ஒரு வேலைத்தளத்தில் ஆறு ஆண்டுகள் இருந்தேன். மஸ்டா ஆர்.எக்ஸ்-7 கார்களின் சுழல் எஞ்சின்களைப் பிரித்துச் சேர்ப்பதுதான் அங்கே என் வேலை. அங்கே சேர்ந்த இரண்டாம் மாதம், நெடுங்காலம் நின்றிருந்த ஓர் எஞ்சின் அசையவில்லை என்று ஒன்றரை முழக் குழாயை ஸ்பேனரில் செருகி அழுத்தினேன். உள்ளே "டிக்" என்று ஒரு சத்தம் கேட்டது, எஞ்சின் உடனே சுழன்றது. எனக்கு ஒரே மகிழ்ச்சி. பிரித்துப் பார்த்தபோது முனைச் சீல் ஒன்று, அதாவது ரோட்டரின் முனையில் இருக்கும் மெல்லிய பட்டை, மூன்று துண்டாகிக் கிடந்தது. அதன் துணுக்கு உட்குழியைச் சுற்றிலும் கீறல் போட்டிருந்தது. எளிதில் நொறுங்கும் சீல் ஒன்று என் அவசரத்தால் உடைந்து, ஒரு முழு எஞ்சினையே தின்றுவிட்டது. இன்று உங்களுக்குச் சொல்லும் பொறுமையெல்லாம் அன்று கற்றது.

இந்த எஞ்சினின் உயிர் அந்தச் சீல்களில்தான் இருக்கிறது. ரோட்டரின் மூன்று முனைகளிலும் மூன்று மெல்லிய பட்டைகள் பள்ளங்களுக்குள் அமர்ந்திருக்கும். கீழே இருக்கும் வில் ஒன்று அவற்றை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். அவற்றையே முனைச் சீல் என்கிறேன். இவை உட்குழிச் சுவரை ஓயாமல் தடவிக்கொண்டு போனால்தான் மூன்று அறைகளும் ஒன்றுக்கொன்று கசியாமல் நிற்கும். இருபது வருடத்துக்கு மேல் நின்ற வண்டியில், பழைய ஒயில் பிசினாகி, கரியோடு சேர்ந்து, இந்தப் பட்டைகளைப் பள்ளத்துக்குள்ளேயே ஒட்ட வைத்திருக்கும். அப்புத்தளையின் மூடுபனியும் தன் பங்குக்குக் கொஞ்சம் துருவைச் சேர்த்திருக்கும். "இறுகிவிட்டது" என்று கராஜில் சொன்னது பெரும்பாலும் இதுவாகவே இருக்கும். இறுகியது வேறு, ஒட்டியது வேறு. ஒட்டியதைப் பிரிக்காமலே விடுவிக்க முடியும்.

செய்முறை இது. பிளக்கைக் கழற்றுங்கள். கழற்றியதை எறிந்துவிடாமல் ஒரு தகர டப்பாவில் போட்டு வையுங்கள், பின்னால் அதைப் பற்றிச் சொல்கிறேன். டீசலும் டூ ஸ்ட்ரோக் ஒயிலும் சரிபாதியாகக் கலந்து, பிளக் துளை வழியாக இரண்டு மேசைக்கரண்டி விடுங்கள். அசிட்டோன் கலந்தால் வேகமாகப் பிரியும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அது பெயின்டையும் இறப்பரையும் சேர்த்தே கரைக்கும். சைலன்சர் குழாயைக் கழற்றி, புகை வெளியேறும் துவாரம் வழியாகவும் அதே அளவு விடுங்கள். பிறகு மூன்று நாட்கள் தொடாதீர்கள். நான்காம் நாள் வண்டியை நடு ஸ்டாண்டில் ஏற்றி, பின்சக்கரம் தரையைத் தொடாமல் இருக்கும்படி செய்து, மேல் கியரில் போட்டு, சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் மெல்ல அசையுங்கள். கையால் மட்டும். உங்கள் கை வலிக்கும் அளவுக்கு அழுத்தம் கொடுக்க வேண்டியிருந்தால் நிறுத்திவிட்டு இன்னும் இரண்டு கரண்டி விட்டு, இன்னும் மூன்று நாட்கள் காத்திருங்கள். இப்படி ஒரு மாதம் எடுத்துக்கொண்ட எஞ்சினை நான் பார்த்திருக்கிறேன். ஒரு காலை நேரம் வழக்கம் போல் அசைத்தபோது, வெண்ணெய்க்குள் கத்தி போவது போல் அது தானே நகர்ந்தது.

சுழலத் தொடங்கியதும் அடுத்த சோதனை. புகைத் துவாரத்துக்குள் டோர்ச் அடித்துக்கொண்டு, வீட்டில் இன்னொருவரைச் சக்கரத்தை மிக மெதுவாகத் திருப்பச் சொல்லுங்கள். ரோட்டரின் வழுவழுப்பான பக்கம் நகர்ந்து போய், பிறகு ஒரு மெல்லிய கோடு துவாரத்தின் குறுக்கே வந்து நிற்கும். அதுதான் முனைச் சீல். விளக்குமாற்றிலிருந்து ஈர்க்கு ஒன்றை முறித்து எடுத்து, அதன் தடித்த முனையால் அந்தக் கோட்டை மெல்ல அழுத்திப் பாருங்கள். உள்ளே போய்த் திரும்பி வந்தால் அந்தச் சீல் உயிரோடு இருக்கிறது, வில்லும் வேலை செய்கிறது. கல்லைக் குத்துவது போல் அசையாமல் நின்றால் இன்னும் ஒட்டியிருக்கிறது என்று பொருள், அதன் மேலேயே இரண்டு சொட்டு விட்டு மறுநாள் பாருங்கள். இதற்கு இரும்புக் கம்பியோ ஸ்குரூட்ரைவரோ வேண்டாம், ஈர்க்குப் போதும். மூன்று முனைகளுக்கும் இதைச் செய்யுங்கள். அதே டோர்ச் வெளிச்சத்தில் உட்குழிச் சுவரையும் பாருங்கள். தேய்ந்த மினுக்கம் இருப்பது இயல்பு. ஆனால் தகரக் கூரையைப் போல ஒழுங்கான அலை அலையான வரிகள் தெரிந்தால் கவலைப்பட வேண்டும். தொடக்க காலத்துச் சுழல் எஞ்சின்கள் எல்லாவற்றையும் வதைத்த நோய் அது. மஸ்டாவின் பொறியியலாளர்கள் அதைப் பிசாசின் நகக்கீறல் என்று சொல்லி, சீலின் பொருளை மாற்றி மாற்றிப் பார்த்துத்தான் வென்றார்கள்.

இனி, தலைப்பில் சொன்ன மூச்சுக்கு வருகிறேன். பிளக் துளையின் வாயில் கட்டை விரலைத் தளர்வாக வைத்துக்கொண்டு சக்கரத்தைச் சற்று விரைவாகச் சுழற்றச் சொல்லுங்கள். விரலுக்கடியில் "புஸ், புஸ், புஸ்" என்று காற்று வெளியேறும். இங்கே ஒரு கணக்கைப் புரிந்துகொள்ள வேண்டும். எஞ்சின் தண்டு மூன்று முறை சுற்றும்போது ரோட்டர் ஒரு முறைதான் சுற்றுகிறது. தண்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் ரோட்டரின் ஒரு பக்கம் அமுக்கத்துக்கு வருகிறது. ஆகவே அடுத்தடுத்து வரும் மூன்று மூச்சுகள் மூன்று பக்கங்களுக்கு உரியவை, நான்காவது மறுபடியும் முதற்பக்கம். மூன்றும் ஒரே வலுவில் விரலைத் தள்ளினால் உங்கள் எஞ்சின் நலமாக இருக்கிறது, அதன் ஒரு போல்டைக்கூடத் திறக்க வேண்டியதில்லை. வலு, வலு, சோர்வு என்று திரும்பத் திரும்ப ஒரே தாளத்தில் வந்தால் ரோட்டரின் பக்கவாட்டில் உள்ள சீல் ஒன்று ஒட்டியிருக்கலாம், ஊறவைப்பதைத் தொடருங்கள். முனைச் சீல் ஒன்று இரண்டு அறைகளுக்குப் பொதுவானது என்பதால், உண்மையாகவே உடைந்திருந்தால் அடுத்தடுத்த இரண்டு மூச்சுகள் சோர்ந்து போகும். அப்போது மட்டுமே எஞ்சினைத் திறக்கும் பேச்சு வர வேண்டும்.

கராஜில் உள்ள அமுக்க மானியைக் கொண்டு அளந்து பார்க்கலாமே என்று கேட்பீர்கள். அளக்கலாம், ஆனால் சாதாரண மானியில் காற்றைத் திரும்ப விடாத ஒரு சிறு வால்வு இருக்கும். அது மூன்று பக்கங்களில் நன்றாக இருப்பதன் அளவை மட்டும் பிடித்து வைத்துக்கொண்டு, மற்ற இரண்டின் நோயை மறைத்துவிடும். அந்த வால்வைக் கழற்றிவிட்டால் முள் ஒவ்வொரு மூச்சுக்கும் துள்ளி விழும், அந்தத் துள்ளல்களை ஒப்பிடலாம். எண் எவ்வளவு என்பதைவிட மூன்றும் சமமா என்பதே முக்கியம் என்பதால், உங்கள் கட்டை விரலே இப்போதைக்குப் போதுமான கருவி.

எஞ்சின் நலம் என்று தெரிந்த பிறகு எரிபொருளுக்கு வருவோம். பெற்றோல் தாங்கியின் மூடியை எடுத்துப் பாருங்கள். முதலில் வந்த வண்டிகளில் அந்த மூடியே ஒயில் அளக்கும் கிண்ணமாகச் செய்யப்பட்டிருந்தது. பெற்றோல் ஊற்றும்போதே மூடியால் ஒயிலை அளந்து சேர்த்துக் கலக்க வேண்டும். பிற்கால வண்டிகளில் ஒயிலுக்குத் தனித் தாங்கியும் பம்பும் வந்தன. உங்களுடையது எது என்பதை அப்பாவைக் கேட்டால் ஒரு நொடியில் சொல்லிவிடுவார். பம்ப் உள்ள வண்டியாக இருந்தாலும், இருபது வருடம் நின்ற பம்பை நம்பி எஞ்சினை இயக்க நான் துணியமாட்டேன். எந்த வகையானாலும் முதல் 10 லீற்றருக்கு 400 மில்லிலீற்றர் நல்ல டூ ஸ்ட்ரோக் ஒயில் கலந்தே ஊற்றுங்கள். புகை அதிகமாக இருக்கும், இருக்கட்டும். பிறகு கையேட்டில் சொன்ன அளவுக்குக் குறைத்துக்கொள்ளலாம்.

இந்த ஒயிலில் நான் இவ்வளவு கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. இந்த எஞ்சினில் காபரேட்டரிலிருந்து வரும் காற்று, பெற்றோல், ஒயில் கலவை நேரே எரியும் அறைக்குப் போவதில்லை. முதலில் ரோட்டரின் வயிற்றுக்குள் புகுந்து, அதைக் குளிரவைத்து, அதன் பேரிங்குகளுக்கு ஒயிலைக் கொடுத்துவிட்டுத்தான் அறைக்கு வருகிறது. ரோட்டரின் குளிர்ச்சியும் மசகும் அந்த ஒரே மூச்சில் அடங்கியிருக்கின்றன. யாராவது அவசரத்தில் வெறும் பெற்றோலை ஊற்றி ஸ்டார்ட் செய்துவிட்டால், சில நிமிடங்களில் பேரிங்கும் சீலும் ஒன்றாகப் போய்விடும். டூ ஸ்ட்ரோக் முச்சக்கர வண்டிகள் குறைந்துபோன பிறகு, கலவை என்றால் என்ன என்றே தெரியாத இளைஞர்கள் பெற்றோல் நிலையங்களில் நிற்கிறார்கள். ஆகவே கலவையை வீட்டிலேயே ஒரு கேனில் கலந்து கொண்டுபோவதுதான் பாதுகாப்பு. பெற்றோல் 92 ஒக்டேனே போதும், இந்த வகை எஞ்சின் ஒக்டேனுக்கு அடம் பிடிப்பதில்லை. ஈயம் கலந்த பெற்றோல் இப்போது இல்லையே என்ற கவலையும் வேண்டாம், ஈயம் காத்தது வால்வு இருக்கைகளை. இதில் வால்வே கிடையாது.

தாங்கியின் உட்புறம் துருப்பிடித்திருக்கும். அதைச் சுத்தம் செய்யவும் பெற்றோல் குழாய்களை மாற்றவும் ஊரில் தெரிந்த எந்த மெக்கானிக்கும் போதும். பிளக் விஷயத்தில் மட்டும் அவரோடு கூடவே நில்லுங்கள். டப்பாவில் போட்டு வைத்த பழைய பிளக்கின் மரை நீளத்தை அளந்து, அதற்குச் சரியான புதியதை மட்டுமே வாங்க வேண்டும். நீளம் கூடிய பிளக்கைப் போட்டால் அதன் முனை உட்குழிக்குள் நீட்டிக்கொண்டு நின்று, சுற்றி வரும் முனைச் சீலைத் தட்டிவிடும்.

விசிறிக் கூண்டை நீங்களே திறந்து பாருங்கள். எலிக்கூடு, காய்ந்த சருகு, மலையகத்தில் நமக்கெல்லாம் பழக்கமான குளவிக்கூடு, இவற்றில் ஒன்றாவது அங்கே நிச்சயம் இருக்கும். குளவிகள் குடியிருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுக் கை வைக்கும்படி, தோட்டத்தில் வளர்ந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எஞ்சினைக் குளிரவைக்கும் உலோகச் சிறகுகளுக்கு இடையில் உள்ள அழுக்கை மூங்கில் குச்சியாலும் தூரிகையாலும் முழுமையாக அகற்றுங்கள். பிஸ்டன் எஞ்சினில் எரிந்த இடத்துக்கே அடுத்த முறை குளிர்ந்த காற்று வந்து சூட்டைத் தணிக்கும். சுழல் எஞ்சினில் எரிவது எப்போதும் ஒரே பக்கத்தில், குளிர்ந்த கலவை வருவது எப்போதும் மறுபக்கத்தில். ஆகவே ஒரு பக்கம் அடுப்பாகக் கொதிக்கும்போது மறுபக்கம் குளிர்ந்தே இருக்கும். அந்த ஏற்றத்தாழ்வை அடக்குவது விசிறிக் காற்று ஒன்றே என்பதால், "ஒரு நிமிடம் ஸ்டார்ட் செய்து பார்ப்போமே" என்று கூண்டைக் கழற்றிய நிலையில் இயக்கக்கூடாது.

இப்போது நம் மலைக்கே உரிய இரண்டு விஷயங்களை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. முதலாவது காற்று. இந்த வண்டியின் காபரேட்டர் ஐரோப்பாவின் தாழ்நிலத்துக்கு அளந்து பொருத்தப்பட்டது. அப்புத்தளை ஏறத்தாழ 1430 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ 13 சதவீதம் குறைவு. காற்று மெலியும்போது, காபரேட்டரில் பெற்றோலை அளந்துவிடும் சிறு துளையான அதே ஜெட் தரும் பெற்றோல் அதிகமாகிவிடுகிறது. கலவை கெட்டியாகி, எஞ்சின் மந்தமாகி, பிளக்கில் கரி படியும். சாதாரண வண்டியில் இது சிறு தொல்லை. ஒயிலும் சேர்ந்து எரியும் இந்த எஞ்சினிலோ, அந்தக் கரிதான் சீல்களை மறுபடியும் பள்ளத்தில் ஒட்ட வைக்கும். வண்டி ஓடத் தொடங்கிய பிறகு, காபரேட்டர் ஊசியின் கிளிப்பை ஒரு படி மேலே மாற்றி ஊசியைத் தாழ்த்துங்கள். அதன் பிறகும் பிளக்கின் முனை காய்ந்த கறுப்பாகவே இருந்தால் மெயின் ஜெட்டை ஓர் அளவு குறைக்கலாம். தேநீர்ச் சாயத்தின் கபில நிறம் வந்தால் அங்கே நிறுத்திவிடுங்கள். வெளிறிய சாம்பல் நிறம் வரும் அளவுக்கு ஒருபோதும் குறைக்காதீர்கள், இந்த எஞ்சினில் பெற்றோலைக் குறைப்பது ஒயிலைக் குறைப்பதும்தான். இப்படி மாற்றிய வண்டியை வெல்லவாயப் பக்கம் இறக்கிக் கொண்டுபோனால் அங்கே கலவை மெலிந்துவிடும். அந்தப் பயணத்துக்கு முன் கிளிப்பைப் பழைய இடத்துக்கே மாற்ற வேண்டும். 27 குதிரை வலுவில் மூன்று நான்கு உயரத்துக்கே போய்விடும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அது பழுதல்ல.

இரண்டாவது ஏற்றமும் இறக்கமும். ஏற்றத்தில் மேல் கியரில் முனகவிட்டு ஏறுவது நம் ஊரில் பெற்றோல் மிச்சம் பிடிக்கும் வழக்கம். இந்த வண்டியில் அது கூடாது. விசிறி எஞ்சினோடு சேர்ந்து சுழல்கிறது. எஞ்சின் மெதுவாகச் சுழன்றால் காற்றும் குறையும், சுமையோ முழுதாக இருக்கும். ஒரு கியர் குறைத்து, எஞ்சினைத் தாராளமாகச் சுழலவிட்டு ஏறுங்கள். இறக்கம் இதைவிட ஆபத்தானது. பெரகலையை நோக்கி இறங்கும்போது எக்ஸிலேட்டரை முழுவதும் மூடிவிட்டு எஞ்சினைப் பிரேக்காகப் பயன்படுத்தினால், ரோட்டர் வேகமாகச் சுழன்றுகொண்டிருக்கும், ஆனால் பெற்றோல் வராது. பெற்றோல் வராவிட்டால் கலவை வண்டியில் ஒயிலும் வராது. பழைய டூ ஸ்ட்ரோக் ஓட்டிய பெரியவர்கள் இறக்கத்தில் இடையிடையே எக்ஸிலேட்டரை ஒரு முறுக்கு முறுக்கிவிடுவார்கள் அல்லவா, அதே பழக்கம் இதற்கும் வேண்டும். எப்படியும் இந்த எஞ்சின் பிடித்து நிறுத்தும் சக்தி குறைந்தது. வேகத்தை அடக்குவது முழுக்க முழுக்கப் பிரேக்கின் வேலை. முன்சக்கர டிஸ்க்கின் இறப்பர் குழாயையும் சீல்களையும் கேள்வி கேட்காமல் மாற்றுங்கள், பழைய பிரேக் திரவம் பனியின் ஈரத்தை உறிஞ்சி உள்ளே துருவாகியிருக்கும். டயர்களின் பக்கச் சுவரில் உள்ள தயாரிப்பு எண்ணைப் பாருங்கள். மூன்று இலக்கமாக இருந்தால் 2000 க்கு முற்பட்டது. ரப்பர் எவ்வளவு பளபளப்பாகத் தெரிந்தாலும் அதில் ஓட்டக்கூடாது.

பெயின்ட் அடிக்கும் ஆசையைத் தயவுசெய்து தள்ளி வையுங்கள். உங்கள் அப்பாவின் முழங்கால் பட்டுத் தேய்ந்த தாங்கியைப் புதிதாக்கினால் அது யாருடைய வண்டியோ ஆகிவிடும். மெழுகு போட்டுத் துடைத்தால் போதும். இது என் சொந்த விருப்பம்தான், கட்டாயமில்லை. ஆனால் ஒன்று கட்டாயம். சட்டகத்தில் பொறித்த செஸி இலக்கத்தின் மேல் யாரும் தேய்க்கவோ பெயின்ட் அடிக்கவோ விடாதீர்கள். அதன் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து, வந்த அச்சைப் பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இதை நியாயமாக எல்லாவற்றுக்கும் முதலில் சொல்லியிருக்க வேண்டும். அணைக்கட்டுத் திட்டங்களுக்கு வந்த வெளிநாட்டவர்களின் வாகனங்கள் எல்லாம் ஒரே விதமாகப் பதியப்பட்டவை அல்ல. புத்தகம் அப்பாவின் பெயரில் இருந்தால் வேலை சுலபம், பொறியியலாளரின் பெயரிலேயே நின்றுவிட்டிருந்தால் ஒரு சாமானும் வாங்குவதற்கு முன் திணைக்களத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். தெருவில் ஓட்டுவதற்கு வருமான அனுமதிப்பத்திரம் வேண்டும், அதற்குப் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் வேண்டும். ஒயில் எரிக்கும் எஞ்சின் என்பதால், ஊறவைத்த ஒயிலெல்லாம் எரிந்து முடியும் வரை ஓட்டிவிட்டு, கலவையைச் சரிசெய்த பிறகே அந்தப் பரிசோதனைக்குக் கொண்டுபோங்கள்.

நிறுத்தி வைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. தார்ப்பாயால் மூட வேண்டாம், அது பனியை உள்ளேயே அடைத்து வைக்கும். பழைய பருத்திச் சேலை ஒன்று போதும். ஓட்டாத வாரங்களிலும் பின்சக்கரத்தைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றி வைத்தால் சீல்கள் ஒரே இடத்தில் ஒட்டாது.

மூன்று மூச்சும் சமமாக வந்து, மேற்சொன்னவையெல்லாம் முடிந்த பிறகு, முதல் தடவை இயக்கும் நாளில் வண்டியைக் கொட்டகைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் நிறுத்துங்கள். உள்ளே விட்ட டீசலும் ஒயிலும் எரியும்போது, தேயிலைத் தொழிற்சாலை அடுப்பு மூட்டிய கணக்கில் வெள்ளைப் புகை கிளம்பும். ஐந்து பத்து நிமிடத்தில் அது மெலிய வேண்டும். மெதுவாக ஓடும்போது சத்தம் ஒரே சீராக இராது, ஒன்றை விட்டு ஒன்று தவறுவது போலத் தடுமாறும். எக்ஸிலேட்டரைச் சற்றுத் திருப்பியதும் அந்தத் தடுமாற்றம் மறைந்து, விசிறியின் இரைச்சலோடு ஒரே சீரான ஒலியாக எழும். கூட நிற்கும் மெக்கானிக் அந்தத் தடுமாற்றத்தைப் பழுது என்று நினைத்துக் காபரேட்டரைத் திருகப் போவார். அதற்குமுன் அப்பாவை ஒரு நாற்காலி போட்டுப் பக்கத்தில் உட்கார வைத்து, முன்பும் இப்படித்தான் கேட்டதா என்று அவரிடம் கேளுங்கள்.